மூன்றாவது பங்கு யாருக்கு?

அத்தியாயம் 5

"அக்கா, எழுந்திருங்க. பாக்கறவங்க உங்களை வண்டி அடிச்சிடுச்சுன்னு நினைச்சு முகத்துல தண்ணி தெளிக்க வந்துடப் போறாங்க."

ஹாரன் சொல்லிக்கொண்டே, எதிரே வந்த சைக்கிளை ஒதுங்கிப் போகும்படி கையசைத்தான். தராசு எழுந்திருக்கவில்லை. சாலை ஓரத்தில் மண்டியிட்டு, மூக்கு தாரில் உரசும் அளவுக்குக் குனிந்திருந்தாள்.

தராசு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல, தொழில் வைத்த பெயர். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் வேடிக்கை பார்ப்பவர்கள் "யார் மேல தப்பு?" என்று கேட்பார்கள். தராசு "யார் மேல எவ்வளவு?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அவள் பிழைப்பு நடந்தது. அவளுடைய உதவியாளனுக்கு ஏன் ஹாரன் என்று பெயர் வந்தது என்பதை, அவன் பக்கத்தில் சிறிது நேரம் நின்ற யாரும் கேட்க மாட்டார்கள்.

போன வாரம், குறுக்குத் தெருவை ஒரு சுவர் மறைக்கும் இந்த முனையில்தான் அந்த விபத்து நடந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சின்னக் கார் ஒன்று நடு ரோட்டில் திடீரென்று நின்றது. பின்னால் வந்த ரொட்டி வேன் அதில் மோதியது. வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தையல்கார அம்மாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும் கையில் மணிக்கட்டு உடைந்தது.

இந்த மாதிரி வழக்கு எப்படி நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பீரோ போதும். இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார்கள். கை நழுவி, கீழே சும்மா நின்றவர் காலில் அது விழுகிறது. கால் போனவர் "நீ பாதி விட்டாய், அவன் பாதி விட்டான்" என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருவரில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழு இழப்பையும் கேட்கலாம். யார் முதலில் பிடியை விட்டது, யார் கால் பார்த்து வைக்காமல் இறங்கியது என்ற பங்குச் சண்டையைத் தூக்கியவர்கள் இருவரும் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தையல்கார அம்மா கீழே நின்றவர். கார் ஓட்டியவரும் வேன் ஓட்டியவரும் பீரோ தூக்கியவர்கள். தராசு சொல்லும் பங்கை ஏற்றுக்கொள்வதாக இரண்டு வண்டிகளின் காப்பீட்டு நிறுவனங்களும் ஒப்புக்கொண்டிருந்தன.

காரை ஓட்டியது பயிற்சிப் பள்ளி மாஸ்டரின் மகள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. தவற்றில் சிறு பங்கு அவளுடையது என்றானாலும் வேலை கிடையாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் வேன் டிரைவர் மட்டுமல்ல, காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாவும்தான்.

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. என் பொண்ணு காரணமே இல்லாம பிரேக் அடிச்சா" என்று காவல் நிலையத்தில் நிமிர்ந்து நின்று சொல்லியிருந்தார் அவர். பெற்ற மகளையே காட்டிக்கொடுக்கும் மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

தராசை உறுத்தியது மகளின் பேச்சுதான். முதலில் "நான் பிரேக்கைத் தொடவே இல்ல" என்றவள், அப்பா என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகு, "அடிச்சிருப்பேன், ஞாபகம் இல்ல" என்று மாற்றிக்கொண்டாள்.

"இங்க வந்து பாருடா" என்றாள் தராசு.

ஹாரன் குனிந்தான். சாலையில் கறுப்பாக இரண்டு கோடுகள். அவற்றின் அடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு. அதற்கும் அடியில், சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கலான வேறு சில.

"பிரேக்கை ஓங்கி அடிச்சா சக்கரம் சுத்தாம வழுக்கும். வழுக்கும்போது ரப்பர் தேஞ்சு ரோட்டுல ஒட்டிக்கும். வெயிலும் தூசியும் மத்த வண்டிங்களும் கொஞ்சம் கொஞ்சமா அதை அழிக்கும். அதனால கறுப்பு புதுசு, சாம்பல் பழசு."

"முனைன்னா எல்லாரும் பிரேக் அடிக்கத்தான் செய்வாங்கக்கா. இந்தச் சுவத்துக்குப் பின்னால இருந்து என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாரும் அடிச்சா ஆளுக்கு ஒரு இடத்துல அடிப்பாங்க. லாரிக்கு ஒரு அகலம், வேனுக்கு ஒரு அகலம் இருக்கும். இங்க பழசும் புதுசும் எல்லாம் ஒரே குட்டிக் காரோட அகலம். எல்லாமே இந்தச் சுவத்துல பெயின்ட் உரிஞ்ச இடத்துக்கு நேராத்தான் ஆரம்பிக்குது."

"அந்த ஸ்கூல் கார்தானா? அப்ப காருக்கே இந்தச் சுவரைப் பாத்தா பயமா?"

தராசு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "உன் பழைய சைக்கிள் ஹாரன், ரப்பர் உருண்டை வச்சது, நம்ம கார்லதான இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"அப்புறம் சொல்றேன். வா."

*

பயிற்சிப் பள்ளியின் முற்றத்தில் அடிபட்ட கார் நின்றது. அதன் டிக்கிக் கதவில் யாரோ ஆசையாக ஓர் ஆமையை வரைந்திருந்தார்கள். மோதியதில் ஆமையின் ஓடு நசுங்கிப் போயிருந்தது. தலை மட்டும் தப்பியிருந்தது.

தராசு வரச் சொல்லியிருந்ததால் ரொட்டி வேன் டிரைவர் காத்திருந்தார். சட்டையில் மாவு வாசனை. வந்ததும் கொட்டித் தீர்த்தார்.

"நல்லாப் போய்க்கிட்டிருந்த வண்டி மேடம். தவளை மாதிரி ரெண்டு குதி குதிச்சு, அப்படியே செத்துப் போச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க மோதறதுக்கு முன்னாடியே குதிச்சுதா?"

"ஆமாம், கண்ணால பாத்தேன்."

"அதுவரைக்கும் எவ்வளவு இடைவெளி விட்டு வந்தீங்க?"

"தாராளமா விட்டுத்தான் வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அந்தம்மாகிட்ட பேசிச் சிரிச்சுக்கிட்டு, நிதானமாத்தான் வந்தேன்."

"எதைப் பாத்துச் சிரிச்சீங்க?"

"இந்த ஆமையைத்தான். 'பாருங்கம்மா, ஆமைக்கு மூக்குக் கண்ணாடி போட்டு விட்டிருக்காங்க'ன்னு சொன்னேன். அந்தம்மாவும் பாத்துட்டு..."

தராசு ஹாரனைப் பார்த்தாள். அவள் சொல்லாமலே அவன் புரிந்துகொண்டு, ஆமையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

"கண்ணாடி தெரியுது" என்றான். இன்னும் கொஞ்சம் போய், "தெரியுது... இப்ப ஆமை மட்டும் தெரியுது." வாசல் கதவு வரைக்கும் போய் நின்று கத்தினான். "அக்கா, தாராளமான இடைவெளின்னா இங்கதான! இங்க இருந்து பாத்தா ஆமையா பூசணிக்காயான்னே தெரியல!"

வேன் டிரைவர் ஆமையைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"ரொட்டி ஆறிப் போயிடும்னு கடைக்காரங்க திட்டுவாங்க மேடம்" என்றார் மெதுவாக. "ஒட்டித்தான் வந்தேன். அந்தம்மாவோட கையைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகலை. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

முன்னால் போகிற வண்டி எந்தக் காரணத்துக்காக நின்றாலும், மோதாமல் நிறுத்துவதற்கு வேண்டிய இடத்தை விட்டுத்தான் பின்னால் வருகிறவர் வர வேண்டும். அந்த இடத்தைத் தின்றவர் மேல் பெரிய பங்கு விழும். வேனின் பங்கு தராசின் மனதில் உட்கார்ந்துவிட்டது. மீதிப் பங்கு யாருக்கு?

அவள் காருக்குள் தலையை விட்டு ஹாரனைக் கூப்பிட்டாள்.

"தவளை எப்படா குதிக்கும்?"

"என்னை மாதிரி ஆளு ஓட்டினா குதிக்கும்."

"கியர்ல இருக்கும்போது கிளட்சை அமுத்தாம பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிச்சா குதிக்கும். எஞ்சின் ஓடணும்னு இழுக்குது, சக்கரம் நிக்கணும்னு பிடிக்குது. ரெண்டும் அடிச்சுக்கிட்டு வண்டி குதிச்சு அணைஞ்சு போகும். ஆம்புலன்ஸ் ஓட்டப் போற பொண்ணு அந்தத் தப்பைப் பண்ணுவாளா? அவ பிரேக்ல கால் வச்சா இன்னொரு கால் தானா கிளட்சுக்குப் போயிடும். அப்ப மிதிச்சது கிளட்ச் இல்லாத இடத்துல இருந்த கால்."

பக்கத்து இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தை விரலால் காட்டினாள். பயிற்சி வண்டி என்பதால் அங்கே கூடுதலாக ஒரு பிரேக் மிதி இருந்தது. அது மட்டும்தான், கிளட்ச் இல்லை. அதிலிருந்து ஒரு கம்பி டாஷ்போர்டின் அடியில் குறுக்கே போய் ஓட்டுபவரின் பிரேக்கோடு சேர்ந்திருந்தது. இங்கே மிதித்தால் அங்கேயும் உள்ளே போகும். பின்னால் வருபவருக்கு இரண்டும் ஒரே சிவப்பு விளக்குத்தான்.

ஹாரனின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. "ஸ்டூடன்ட்ஸ் மாறிக்கிட்டே இருப்பாங்க. பக்கத்து சீட்ல இருக்கறவர் மாற மாட்டார். அந்தக் கோடெல்லாம் மாஸ்டரோட கோடு." கொஞ்சம் நின்றான். "ஆனா அக்கா, 'என் பொண்ணுதான் அடிச்சா'ன்னு போலீஸ்ல சொல்லியிருக்காரே. அவர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன் நான். அவருக்குப் பொய் வராது. எனக்கு டெஸ்ட் நடந்தப்ப, அதிகாரி பாஸ்னு சொன்ன பிறகு, 'இவன் ரிவர்ஸ் சுமார்தான் சார், கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு தானாப் போய்ச் சொன்ன மனுஷன்!"

"அதுதான்டா எனக்கும் பயமா இருக்கு" என்றாள் தராசு. "பொய் சொல்றவரைப் பிடிக்கறது சுலபம்."

*

மாஸ்டர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். ஷூ பளபளத்தது. அவருக்குப் பின்னால் மகள் வந்தாள்.

"டேய், இன்னும் கிளட்ச் மேலயே காலை வச்சுத் தூங்கறியா?" என்றார் ஹாரனிடம்.

"இல்ல மாஸ்டர், இப்பல்லாம் முழிச்சுக்கிட்டே வைக்கிறேன்."

அன்றைக்குப் போன வழியிலேயே ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றாள் தராசு. அவளுடைய சொந்தக் கார், ஹாரன் ஓட்டுவான், மாஸ்டர் அன்று போலவே முன்னால் பக்கத்தில் உட்கார வேண்டும். அது சாதாரணக் கார். பக்கத்து இருக்கைக்கு முன்னால் மிதி எதுவும் இல்லை, ரப்பர் மேட் மட்டும்தான்.

"நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று மகள் அவசரமாக ஏறிக்கொண்டாள்.

கார் கிளம்பியது. மாஸ்டர் பின்பக்கம் திரும்பாமலேயே தராசிடம் பேசினார்.

"நல்லாத்தான் ஓட்டுவா மேடம். நான் இல்லைங்கல. ஆனா நடு ரோட்டுல காரணமில்லாம நிறுத்தினா. அதை நானே போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கறவன் பொண்ணு! கடையில கேக்கறாங்க, அவ அத்தை போன் பண்ணிக் கேக்கறா. எல்லார்கிட்டயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'தப்பு எங்க வீட்டுது'ன்னு சொல்றேன். எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?"

மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தில் இருந்து ஒரு தள்ளுவண்டி எட்டிப் பார்த்தது.

பாம்!

"ஏன்டா ஹாரன் அடிக்கிற? அவர் வண்டியை நிறுத்திட்டாரே."

"நான் அடிக்கலையே மாஸ்டர்."

"பின்ன நானா அடிச்சேன்?"

ஹாரன் கியரை மாற்றினான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது மறுபடியும் பாம் என்றது. சிக்னல் விளக்கு மஞ்சளுக்கு மாறியபோது இன்னொரு முறை.

"காது குடைச்சல் கொடுக்காதடா! பேருக்கேத்த மாதிரியே இருக்கணுமா? தேவையில்லாம ஹாரன் அடிக்கறவனுக்கு ஓட்டறதுல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மாஸ்டர்." வழக்கமாக இந்த இடத்தில் ஹாரனிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்று அவன் காது மடல் சிவந்திருந்தது.

பின் இருக்கையில் மகள் முன்னால் சாய்ந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள். பிறகு தராசின் கையைப் பிடித்தாள். "வேண்டாம்" என்றாள், சத்தமில்லாமல். "நிறுத்தச் சொல்லுங்க."

தராசுக்கு நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றியது. இதை இவளை வைத்துக்கொண்டு செய்திருக்கக் கூடாது என்றும் தோன்றியது. ஆனால் முனை வந்துவிட்டது. பெயின்ட் உரிந்த சுவர் நெருங்கியது. சாலை காலியாக இருந்தது. ஹாரன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் வளையத்தின் இரு ஓரங்களில், மாஸ்டர் கற்றுக்கொடுத்த மாதிரியே வைத்திருந்தான்.

பாஆஆம்!

இதுவரை வந்ததிலேயே நீளமான சத்தம் அதுதான். மாஸ்டர் திட்டுவதற்காகத் திரும்பினார். ஹாரனின் கைகளைப் பார்த்தார். ஹாரன் பொத்தானின் பக்கத்தில்கூட ஒரு விரல் இல்லை.

ஹாரன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

அந்த அமைதியில் மாஸ்டரின் காலடியில் ஸ்ஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டது. ரப்பர் உருண்டையை அழுத்தினால் கத்தும், விட்டால் மறுபடி காற்றைக் குடிக்கும். அவர் குனிந்து பார்த்தார். தன்னுடைய பளபளக்கும் ஷூவைப் பார்த்தார். ரப்பர் மேட்டின் அடியில் ஏதோ புடைத்திருந்தது. மெதுவாக, யாரோ ஒருவருடைய காலை நகர்த்துவது போல, தன் காலை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

பாம்.

அவர் காலை எடுத்தார்.

"வழி பூராவும் நானா அடிச்சேன்?" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்" என்றான் ஹாரன். "உருண்டையை வச்சது நான்தான்."

தராசு சாலையில் கிடந்த கோடுகளைப் பற்றிச் சொன்னாள். தவளை ஏன் குதித்தது என்று சொன்னாள். "கத்துக்குட்டிங்களை நீங்க இந்த முனையிலதான் அடிக்கடி காப்பாத்தியிருக்கீங்க. சுவத்தைப் பாத்ததும் உங்க கால் உங்களைக் கேக்காமலே போயிடுது. நீங்க பொய் சொல்லலை. உங்களுக்குத் தெரியவே இல்லை."

மாஸ்டர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. இப்போதுதான் முதல்முறையாகப் பின்னால் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

மகள் தலையசைத்தாள். "என் கால் ஆக்சிலரேட்டர்ல இருந்துச்சுப்பா. பக்கத்துல பிரேக் தானா உள்ள போச்சு. பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"முதல்ல, நீங்க தெரிஞ்சே பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் தேய்ந்தது. "அது எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்து வந்தேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் உங்க கால் அமுத்திக்கிட்டே வந்துச்சு. உங்களுக்கே தெரியலைன்னு அப்பதான் புரிஞ்சுது. என் அப்பாவைப் போய் அப்படி நினைச்சுட்டேனேன்னு அதுக்கு மேல வெக்கமாப் போச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? உங்களுக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன இருக்கு?"

"அதுக்காக உன் வேலையை விடுவியா?"

அவள் விரலால் சீட்டின் தையலை நெருடினாள்.

மாஸ்டர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "ஊரெல்லாம் சொன்னேனே" என்றார். "உங்க அத்தைகிட்டச் சொன்னேன். கடைக்காரர் முன்னால, உன்னை நிக்க வச்சுக்கிட்டே சொன்னேன். நீ பால் பாக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்ன." பிறகு தராசைப் பார்த்தார். "எனக்கு எவ்வளவு மேடம்?"

"வேன்காரர் இடைவெளி விட்டிருந்தா நீங்க மிதிச்ச பிரேக்கால யாருக்கும் அடிபட்டிருக்காது. பாதிக்கு மேல அவருக்கு. மிச்சம் உங்களுக்கு. மிதி உங்க காலுக்குக் கீழ இருந்தா, வண்டி உங்க கையிலயும் இருந்ததாத்தான் கணக்கு. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது."

"எனக்குக் குறைச்சுப் போடாதீங்க. நான் சொல்லிக் கொடுக்கறவன்."

"கூட்டியும் போட மாட்டேன். வெக்கத்துக்குத் தராசுல எடை இல்ல மாஸ்டர்."

அவர் இறங்கினார். ஓடிவிடுவாரோ என்று ஹாரன் பதறினான். மாஸ்டர் கதவைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார்.

"நீ முன்னால போய் ஓட்டும்மா" என்றார் மகளிடம். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. சொன்னதை மாத்திச் சொல்லணும். அங்க இருந்து ஆஸ்பத்திரி. உனக்கு வேலை கொடுத்தவங்ககிட்டயும் நானே சொல்றேன். அந்தத் தையல்காரம்மா அங்கதான இருக்காங்க? அவங்களையும் பாக்கணும்."

ஹாரன் மேட்டின் அடியிலிருந்து உருண்டையை எடுத்து, சத்தம் வராமல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு பக்கத்து இருக்கைக்கு மாறினான். மகள் காரைக் கிளப்பினாள். பின்னால் தராசும் மாஸ்டரும்.

கார் சுவரைத் தாண்டித் திரும்பியபோது மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. இந்த முறை அவர் அதைப் பார்த்துவிட்டார். தராசு பார்த்ததையும் பார்த்துவிட்டார். சட்டென்று முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"பரவால்லப்பா, அமுத்திக்கோங்க" என்றாள். "அங்க ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் அழுத்தவில்லை. இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, காவல் நிலையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.